பரிசல் ஏறிப் பார்ப்போம்: கோடைக் காவிரியின் மடுக்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் கல்லாவி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து மக்கள் குடும்பத்தோடு புறப்படும் இடங்களில் முதன்மையானது ஒகேனக்கல். அருவிக் குளியல், எண்ணெய்த் தேய்ப்பு, சுடச்சுட மீன் வறுவல், ஒரு பரிசல் சவாரி. பிறகு மாலைப் பஸ் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறோம். இம்முறை அந்தப் பரிசல் சவாரியைச் சற்று நிதானமாகச் செய்து பார்ப்போமா? அது மிதக்கும் விதத்தில் பௌதிகம் இருக்கிறது. அதற்கு அடியில் கிடக்கும் ஆழ்ந்த நீரில் ஓர் ஆற்றின் எதிர்காலமே ஒளிந்திருக்கிறது.

மழை ஓர் ஆற்றுக்கு, தாகம் ஓர் ஆற்றுக்கு

கல்லாவியில் பெய்யும் மழை காவிரிக்குப் போவதில்லை. அது ஓடைகள், ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்ந்து, கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆனாலும் நமக்கும் காவிரிக்கும் நெருங்கிய உறவு உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளூரைடு உப்பு மிகுதி. அதைத் தொடர்ந்து குடித்தால் பற்கள் கறைபடும்; எலும்புகள் வளையும். இதற்கு மாற்றாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் காவிரி நீர் குழாய்களில் மேடேறி வருகிறது. ஆகவே நாம் பரிசல் ஏறப்போகும் ஆறு, நம்மில் பலருடைய வீட்டுக் குடத்துக்கும் வந்து சேர்ந்த ஆறு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. ‘கல்’ என்றால் பாறை. அருவி விழும் வேகத்தில் நீர்த்திவலைகள் புகைபோல எழுவதால் வந்த பெயர் இது. மேகதாது இடுக்கில் ஒடுங்கிப் பாய்ந்துவரும் காவிரி, காட்டின் நடுவே இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடி இங்கே வந்து சேர்கிறது. இடப்புறக் கரை தமிழ்நாடு. வலப்புறக் கரை கர்நாடகம்.

வட்டத்தின் கெட்டிக்காரத்தனம்

உலகத்துப் படகுகளெல்லாம் முன்பக்கம் கூராகவும் நீளமாகவும் இருக்க, பரிசல் மட்டும் ஏன் கூடையைப்போல வட்டமாக இருக்கிறது?

முதல் காரணம் சிக்கனம். 24 அடி நீளமுள்ள ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சதுரமாக வளைத்தால் பக்கத்துக்கு 6 அடி. உள்ளே அடங்கும் பரப்பு 36 சதுர அடி. அதே கயிற்றை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 46 சதுர அடி அடங்கும். ஒரே சுற்றளவுக்குள் மிகுந்த பரப்பை அடக்கும் உருவம் வட்டமே. மூங்கில் பிளாச்சுகளால் பின்னி, அந்நாளில் எருமைத் தோலைப் போர்த்திப் பரிசல் கட்டினார்கள். குறைந்த தோலில் மிகுந்த பாரம் ஏற்ற வேண்டுமானால் வட்டமே லாபம். பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பு பிடித்துக்கொண்டது.

இரண்டாவது காரணம் ஆழம். பரிசலும் ஆட்களும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது 400 லிட்டர் நீரை, அதாவது 0.4 கனமீட்டர் நீரை, விலக்க வேண்டும். தட்டையான அடிப்பாகத்தின் குறுக்களவு 2 மீட்டர் என்றால் அதன் பரப்பு 3.14 சதுர மீட்டர். 0.4-ஐ 3.14-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 0.13 மீட்டர். ஐந்து பேரைச் சுமந்துகொண்டும் பரிசல் 13 சென்டிமீட்டர்தான் நீரில் அமிழ்கிறது. ஒரு சாண்கூட இல்லை! பாறைகள் தலைகாட்டும் கோடை ஆற்றில் வேறு எந்தப் படகும் நுழையத் தயங்கும் இடத்தில் பரிசல் வழுக்கிக்கொண்டு போவதன் ரகசியம் இதுதான். பாறையில் உரசினாலும் மூங்கில் பின்னல் வளைந்து கொடுக்கும். வட்ட விளிம்பு சுழன்று விலகிவிடும்.

ஆனால் வட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பின்னாலிருந்து தள்ளினால் பம்பரம்போலச் சுழலும். ஆகவே பரிசல்காரர் எதிர்ப்பக்கத்து நீரில் துடுப்பை ஊன்றித் தம்மை நோக்கி இழுக்கிறார். கயிறு கட்டி இழுத்த பொம்மை வண்டி நேராக வரும்; குச்சியால் பின்னாலிருந்து தள்ளினால் கோணிக்கொள்ளும் அல்லவா? அதே சங்கதிதான். “எந்திரிக்காதீங்க, சுத்தி சமமா உக்காருங்க” என்று அவர் அதட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுந்து நின்றால் மொத்தப் பாரத்தின் புவியீர்ப்பு மையம் மேலே ஏறுகிறது. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது விளிம்பை நோக்கி நகர்கிறது. பரிசல் கவிழ அது போதும். உயிர் காக்கும் உடுப்பைக் கட்டாயம் அணியச் சொல்வதும், வெள்ளம் வந்தால் சவாரியை நிறுத்துவதும் இதனால்தான்.

இந்த யுக்தி நமக்கு மட்டும் உரியதன்று. யூப்ரடீஸ் ஆற்றில் பாபிலோன் நகருக்குத் தோல் போர்த்திய வட்டப் படகுகள் சரக்கு ஏற்றி வந்ததை, இற்றைக்கு 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை இருக்குமாம். எதிர் நீரில் திரும்ப முடியாது என்பதால், சரக்கையும் படகுச் சட்டத்தையும் விற்றுவிட்டுத் தோலைக் கழுதைமேல் ஏற்றித் தரைவழியே ஊர் திரும்புவார்களாம்.

ஆறு சுருங்கும் காலம்

இனி ஆற்றைக் கவனியுங்கள். கோடையில் அது ஒரே சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் பாறைகளுக்கிடையே முழங்கால் ஆழத்தில் சலசலக்கிறது. அடுத்த திருப்பத்தில் கரும்பச்சையாக, அசைவற்று, ஆழம் தெரியாமல் கிடக்கிறது. அந்த ஆழ்ந்த பகுதியைத்தான் ‘மடு’ என்கிறோம். வெள்ளக் காலத்தில் சுழித்தோடும் நீரும் அது உருட்டிவரும் கற்களும் பாறையைக் குடைந்து குடைந்து உண்டாக்கிய பள்ளங்கள் அவை.

கோடைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒரு கணக்கால் அறியலாம். ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியின் நீரோட்டத்தை அளக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி தமிழகத்துக்கு ஆண்டில் அங்கே வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி. இதில் ஆகஸ்டு மாதப் பங்கு 45.95 டி.எம்.சி.; மே மாதப் பங்கு 2.5 டி.எம்.சி. மட்டுமே. நொடிக்கணக்கில் பார்த்தால் ஆகஸ்டில் சுமார் 17,000 கன அடி, மே மாதத்தில் சுமார் 930 கன அடி. பதினெட்டில் ஒரு பங்கு! பதினெட்டு அறைகள் கொண்ட வீட்டில் இருந்தவர்களை ஒரே அறையில் அடைத்தால் எப்படி இருக்கும்? ஆற்று உயிர்களின் கோடை வாழ்க்கை ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஓர் அறையே மடு.

இடநெருக்கடி மட்டுமா? மூச்சு நெருக்கடியும் உண்டு. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். அதே சமயம் வெப்பத்தில் மீனின் உடல் இயக்கம் விரைவடைவதால் அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவோ கூடுகிறது. வரவு குறைகிறது, செலவு மிகுகிறது. இந்த நேரத்தில் அருவியும் பாறைச் சலசலப்பும் நீரைக் காற்றோடு கலந்து பெரும் உதவி செய்கின்றன. அருவிக்குக் கீழே மீன்கள் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மடுவின் குடிமக்கள்

வலை வீசுபவர்களிடம் மீன்களின் பெயரைக் கேளுங்கள். வாளை, கெளுத்தி, ஆரால், பல வகைக் கெண்டைகள் என்று அடுக்குவார்கள். கூடவே கட்லா, ரோகு, மிர்கால் என்ற பெயர்களும் வரும். இவை வட இந்திய ஆறுகளிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்டவை. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் உருவான பெரும் நீர்த்தேக்கம் இவற்றுக்கு நல்ல மேய்ச்சல் நிலமாயிற்று. ஜிலேபிக் கெண்டை அதைவிடத் தொலைவிலிருந்து வந்த விருந்தாளி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது 1952-இல்.

இந்த மடுக்களின் பழைய அரசன் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டை. காவிரிப் படுகைக்கே உரிய திமில் முதுகு மஹ்சீர் 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ இருந்தது. இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018 வரை தெளிவாகவில்லை. ‘டார் ரெமாதேவியை’ என்பதே அது என்று அவ்வாண்டில் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிக அருகிவிட்ட உயிரினமாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்த வேளையில் மீன் மறைந்துகொண்டிருந்தது!

அதற்கு என்ன நேர்ந்தது? அணைகள் அதன் பயணத்தைத் தடுத்தன. வெடியும் நஞ்சும் அதைக் கொன்றன. மற்றொரு காரணம் நல்லெண்ணத்தில் விளைந்தது. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்க வைத்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அந்த இனம் பெருகியது. உள்ளூர் இனம் குறைந்தது. ஆற்றில் மீன் விடுவது எப்போதும் நன்மையே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

நீரில் வழவழப்பான பழுப்புத் தலைகள் நான்கைந்து எழுந்து மறைந்தால், அவை நீர்நாய்கள். குடும்பமாக வாழும் இவை வரிசை கட்டி நீந்தி மீன்களை மடக்கிப் பிடிக்கும். பாறைமீது மீன் செதில்கள் மினுக்கும் எச்சம் கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள். நீர்நாய்கள் கூட்டமாக வந்து எச்சமிடும் இடம் அது. அதை ஆராய்ந்தே விஞ்ஞானிகள் அவற்றின் உணவை அறிகிறார்கள். வலையைக் கிழிப்பதால் மீனவர்களுக்கு நீர்நாய்மேல் கோபம் உண்டு. ஆனால் வங்கதேசத்தில் சுந்தரவனத்தை ஒட்டிய பகுதியில் நீர்நாய்களைப் பழக்கி, அவற்றைக் கொண்டே மீன்களை வலைக்குள் விரட்டும் மீனவர்களும் இருந்திருக்கிறார்கள்.

கரை மரங்களையும் பாருங்கள். நீர்மருத மரக்கிளைகளில் சாம்பல் நிற மலை அணில் தாவும். மாலையில் யானைகள் நீர் அருந்த இறங்கும். நீர்ப்பாறைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். இத்தனை உயிர்களும் சேர்ந்து வாழ்வதால்தான் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அறிவிக்கப்பட்டன. அழியும் நிலையிலுள்ள லீத் மென்னோட்டு ஆமையும் இந்த ஆற்றுவாசிகளில் ஒன்று.

மணலுக்குள் ஒரு வெப்பமானி

மணல்திட்டில் பரிசல் ஒதுங்கினால் உடனே குதித்து ஓடாதீர்கள். இங்கே முதலைகள் உண்டு என்பது மட்டும் காரணமல்ல. கோடைதான் அவற்றின் முட்டைப் பருவம். பெண் முதலை கரை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடுகிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது எது தெரியுமா? மணலின் வெப்பம்! நம்மைப்போல முதலைகளுக்குப் பாலினத்தைத் தீர்மானிக்கும் தனிக் குரோமோசோம்கள் கிடையாது. நம் நாட்டு நன்னீர் முதலையின் முட்டைகள் 28 முதல் 31 டிகிரி வரையிலான வெப்பத்தில் அடைகாக்கப்பட்டால் எல்லாம் பெண்; 32.5 டிகிரி அளவில் எல்லாம் ஆண். சென்னைக்குத் தெற்கே 1976-இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையின் முட்டைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் இதை விளக்கின. ஒன்றிரண்டு டிகிரி வேற்றுமை ஒரு தலைமுறையையே மாற்றிவிடுகிறது. மணலை அள்ளிக்கொண்டு போனாலோ, கரை நிழல் மரங்களை வெட்டினாலோ நாம் அறியாமலேயே அந்த வெப்பமானியில் கை வைக்கிறோம். ஆற்று ஆலா என்னும் பறவையும் கோடையில் இத்தகைய திட்டுகளில் வெறும் மணலிலேயே முட்டையிடும். மணல் நிற முட்டை காலடியில் நசுங்கினாலும் மிதித்தவருக்குத் தெரியாது.

விதை நெல்லை உண்ணலாமா?

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். மஹ்சீரும் பிற கெண்டைகள் பலவும் இனம் பெருக்குவது கோடையில் அன்று; மழை பெய்து புதுவெள்ளம் வரும்போது. வெள்ளத்தின் தூண்டுதலால் அவை மேல்நோக்கி ஏறி முட்டையிடுகின்றன. அப்படியானால் ஏப்ரல், மே மாதங்களில் மடுவில் ஒடுங்கியிருக்கும் மீன்கள் யார்? கோடையைத் தாண்டினால் அடுத்த தலைமுறையைப் பெறப்போகும் தாய் தந்தையர். உழவர் வீட்டில் குதிருக்குள் பத்திரப்படுத்திய விதை நெல்லுக்கு ஒப்பானவை.

ஒரு மடுவில் வெடி போட்டால் என்ன ஆகும்? மீனின் வயிற்றில் காற்று நிறைந்த நீச்சல் பை ஒன்று உண்டு. நீரில் மேலும் கீழும் செல்லாமல் ஒரே ஆழத்தில் நிற்க அது உதவுகிறது. வெடியின் அதிர்ச்சி அலை அந்தப் பையைக் கிழித்துவிடுகிறது. செத்த மீன்களில் ஒரு பகுதிதான் மிதக்கும். மிச்சம் அடியில் போய் அழுகும். அழுகும்போது நீரில் மிஞ்சியிருந்த பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். பெரிய மீன், குஞ்சு, நண்டு, இறால் என்ற வேற்றுமை வெடிக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஆறு முழுவதும் பரவியிருக்கும் மீன்களை ஒரு வெடி கொன்றுவிட முடியாது. ஆனால் கோடையில் பல மைல் நீள ஆற்றின் மீன்கள் ஒரே மடுவில் அடைந்திருக்கும்போது ஒரு வெடியே அந்தப் பகுதியை வெறுமையாக்கிவிடும். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்தது. மிகச் சிறு கண்ணி வலையும் மெதுவாக இதே வேலையைச் செய்கிறது: வளர வேண்டிய குஞ்சை வளருமுன் அரித்துவிடுகிறது.

அப்படி ஒரு மடு காலியானால் நீர்நாய்க்கு உணவில்லை. பரிசல் வைத்துப் பிழைக்கும் மீனவரின் வலையிலும் அடுத்த ஆண்டு மீனில்லை. நீர்நாயும் மீனவரும் பகைவர்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் இருவரும் ஒரே சேமிப்பின் வட்டியில் வாழ்பவர்கள். முதலை உண்டு தீர்த்துவிட்டால் இருவருக்கும் கஞ்சி இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

மாணவர்களே, அடுத்த முறை போகும்போது ஒரு சிறு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பறவையை, எந்தப் பாறையில், எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்று எழுதுங்கள். பரிசலின் குறுக்களவைக் கேட்டு, அது எவ்வளவு அமிழும் என்று நீங்களே கணக்கிட்டு, விளிம்பில் ஈரம் ஏறிய கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சவர்க்காரத்தையும் ஷாம்பூப் பொட்டலத்தையும் கரையிலேயே விட்டுவராமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மணல்திட்டில் பரிசல்காரர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். வறுத்த மீன் வாங்கும்போது இது என்ன மீன், எந்த வலையில் பிடித்தது என்று கேளுங்கள். விரலளவுக் குஞ்சுகளை வறுத்து அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையென்றால் பிடிப்போரும் குறைவர்.

ஜூன் பிறந்து குடகில் மழை பிடித்ததும் ஆற்றின் நிறம் செம்மண்ணாக மாறும். பரிசல்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். பாறைகள் மறையும், மடுவுக்கும் மடுவுக்கும் இடையே இருந்த சுவர்கள் உடைந்ததுபோல ஆறு மீண்டும் ஒன்றாகும். அப்போது மேலேறிச் செல்ல எத்தனை மீன்கள் மிஞ்சியிருக்கும் என்பது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களில் மடுக்களில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.